கடைசி வரியில் இல்லாத பெயர்

என் அம்மா மகாபே இட்சுகோ பியானோ கச்சேரி வாசித்தவர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இறுதிச் சடங்குக்கு வந்தவர்களில் பாதிப் பேருக்கு அவர் பாலே பள்ளியில் வாசிக்கும் அம்மா. மீதிப் பேருக்குச் செவ்வாய்க்கிழமைதோறும் முதியோர் இல்லத்துக்கு வரும் அம்மா. கறுப்பு உடையில் வரிசையாக நின்று, "உங்க அம்மா பொழுதுபோக்கா ரொம்ப நல்லா வாசிப்பாங்க" என்று என்னிடம் சொன்னார்கள். நான் குனிந்து நன்றி சொன்னேன்.

அவருடைய ஒரே இசைத்தட்டு இந்த ஜூனில் வருகிறது. அதோடு போகும் கையேட்டுக்கு அவருடைய வாழ்க்கைக் குறிப்பை எழுதித் தரும்படி டோக்கியோ நிறுவனம் கேட்டது. எண்ணூறு எழுத்து போதும் என்றார்கள். அடங்காது என்றேன். சரி, வேண்டிய மட்டும் எழுதுங்கள் என்றார்கள். நான் எழுத்துக்காரி அல்ல. ஹமாமட்சுவில் ஒரு பியானோத் தொழிற்சாலையில் பயிற்சி பெற்று, இருபத்தைந்து ஆண்டுகளாகச் சுருதி சேர்ப்பவள். அளவுகளைச் சரியாகச் சொல்வேன். அதை மட்டும் இங்கே செய்கிறேன்.

கச்சேரித் தாளைக் கையில் வாங்கியதும் நாம் எல்லோரும் கடைசி வரிக்குத்தான் போகிறோம். "பியானோவை இன்னாரிடமும் இன்னாரிடமும் பயின்றார்." பிறந்த ஊர், கல்லூரி, பரிசுகள் எல்லாம் பிறகு. யாருடைய ஆள் என்று பார்த்துக்கொண்டுதான் காதைத் திறக்கிறோம். அம்மாவின் ஐம்பது ஆண்டுகள் அந்த ஒரு வரியில் போயின.

அவர் பிறந்தது 1948இல். தாத்தா தொழிற்சாலையில் பியானோச் சுத்திகளுக்குக் கம்பளி ஒட்டும் வேலை பார்த்தார். வீட்டுக்கு வரும்போது விரல் நுனியெல்லாம் பசை காய்ந்திருக்கும். மூடியில் கீறல் விழுந்து கழித்துப்போட்ட ஒரு நிமிர்ந்த பியானோவை நான்கு பேராகத் தூக்கி வந்து வீட்டில் வைத்தார். அதில் ஒரு கட்டை அழுத்தினால் எழாது. அதை எந்த விரலால் எப்படித் தட்டி எழுப்புவது என்பதுதான் அம்மா கற்ற முதல் பாடம்.

இரண்டாவது பாடத்திலிருந்து ஒகுரி தசே சொல்லிக்கொடுத்தார். மழலைப் பள்ளி ஆசிரியை. கணவர் போரில் போனவர். கை சின்னது, எட்டுக் கட்டை எட்டாது. எட்டாத இடங்களில் வாயால் பாடிக் காட்டுவாராம். ஆறு வயதிலிருந்து பதினெட்டு வயது வரை, பன்னிரண்டு ஆண்டுகள், மழலைகள் வீட்டுக்குப் போன பிறகு அந்தப் பள்ளிப் பியானோவில் அம்மா அவரிடம் கற்றார். தாத்தா குளிர்காலத்தில் ஆரஞ்சு கொண்டுபோய் வைப்பார். அவ்வளவுதான்.

1966இல் அம்மா டோக்கியோ இசைக் கல்லூரியில் சேர்ந்தார். ஒரு பேராசிரியர் அவரை மாணவியாக எடுத்துக்கொண்டார். மாணவர்கள் அவரை 'சென்செய்', அதாவது ஆசிரியர், என்பார்கள். அப்போது அவருக்கு முப்பத்தேழு வயது. ஐரோப்பாவிலிருந்து திரும்பியவர். அவர் தலையசைக்காமல் இந்த நாட்டில் யாரும் ஒரு வாத்தியக்குழுவோடு உட்கார முடியாது என்று சொல்வார்கள். அது மிகை அல்ல. பிறகு அளந்து பார்த்துக்கொண்டோம்.

அவர் அம்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "கம்பளி ஒட்டறவர் பொண்ணு வந்தாச்சா?" என்பார். மற்ற மாணவர்கள் சிரிப்பார்கள். இரண்டு ஆண்டுகள் இடது கையை மட்டும் வாசிக்க வைத்தார்.

"வலது கையை மடியில வை. அது கைதட்டுக்கு அலையற கை. வீட்டைத் தாங்கறது இடதுதான்."

இரண்டு ஆண்டுகள். அம்மா அழுதுகொண்டே வாசித்தார். மூன்றாம் ஆண்டு வலது கையைச் சேர்க்கச் சொன்னபோது அறையில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். இதை எனக்குச் சொன்னவர் நுமாதா. அம்மாவோடு படித்தவர். இந்தக் கதையில் அவர் இன்னொருவர் சொல்லி அனுப்பியதைச் சுமந்துகொண்டு மூன்று முறை வருவார்.

1973 நவம்பர் 9. அம்மாவின் முதல் தனிக் கச்சேரி, டோக்கியோவில். இருபத்தைந்து வயது.

கச்சேரித் தாள் அச்சுக்குப் போகுமுன் அதை ஆசிரியர் வீட்டுக்குக் கொண்டுபோய், கீழே உட்கார்ந்து, இரண்டு கையாலும் நீட்டிக் காட்ட வேண்டும். அம்மா போகவில்லை. அந்த வாரம் ஒகுரி அம்மாவுக்கு நெஞ்சில் நீர் கோத்து மருத்துவமனையில் சேர்த்திருந்தார்கள். அம்மா ஹமாமட்சுவில் இருந்தார். அங்கிருந்தே தாளை அச்சகத்துக்கு அனுப்பினார். கடைசி வரியில் இரண்டு பெயர்கள் இருந்தன. முதலில் ஒகுரி தசே. அடுத்தது பேராசிரியர்.

நுமாதா தொலைபேசியில் எச்சரித்தாராம்.

"இட்சுகோ, மழலைப் பள்ளி அம்மா பேரையா அவர் பேருக்கு முன்னாடி போட்ட? எல்லாரும் ஊர் வாத்தியார் பேரை விட்டுடுவாங்கன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"அப்புறம்?"

"அவங்க பன்னிரண்டு வருஷம். இவர் ஏழு. கணக்கு சரியாத்தானே இருக்கு?"

"இது கணக்கு இல்லடி."

"திட்டுவார். கச்சேரி முடிஞ்சதும் போய்க் கால்ல விழுந்துடறேன்."

அங்கேதான் அம்மா தப்பாக அளந்தார். கச்சேரி முடிந்த பிறகு திட்டுவார் என்று நினைத்தார்.

பேராசிரியர் மன்ற வாசலில் தாளை வாங்கினார். நின்றபடியே கடைசி வரியைப் படித்தார். தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். மேலங்கியைக் கழற்றக்கூட இல்லை. திரும்பி வெளியே நடந்தார். அவருடைய மாணவர்கள் நாற்பத்து மூன்று பேர் நடு வரிசைகளில் பூங்கொத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். செய்தி வந்ததும் ஒவ்வொருவராக எழுந்தார்கள். பூங்கொத்துகளையும் எடுத்துக்கொண்டு போனார்கள். நுமாதாவும் போனார்.

அம்மா மேடைக்கு வந்தபோது நடுவில் பெரிய ஓட்டை. ஓரங்களில் சொந்தக்காரர்கள். முதல் வரிசையில், மருத்துவரிடம் சண்டை போட்டு ரயிலேறி வந்த ஒகுரி அம்மா. அம்மா குனிந்து வணங்கினார். உட்கார்ந்தார். முழுக் கச்சேரியையும் வாசித்தார். ஒரு சுரம்கூடத் தவறவில்லை என்று தாத்தா சாகும்வரை சொன்னார். தாத்தாவின் காது நம்பத்தக்கது.

பின்னறையில் ஒகுரி அம்மா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"என் பேரை எடுத்துடும்மா. எனக்கு எதுக்கு அதெல்லாம்?"

"எடுத்தா நான் எங்கே கத்துக்கிட்டேன்னு சொல்றது? ஆகாசத்துலயா?"

"அவர் பெரிய மனுஷர்."

"பெரிய மனுஷர் உக்காந்து கேட்டிருப்பார்."

ஒகுரி அம்மா அடுத்த ஏப்ரலில் இறந்தார். தன்னால்தான் என்று நினைத்துக்கொண்டே போனார். பேராசிரியர் செய்த மற்றதை எல்லாம் அம்மா ஒருவேளை மறந்திருக்கக்கூடும். இதை மறக்கவில்லை. நானும் மறக்க உத்தேசிக்கவில்லை.

கச்சேரிக்கு மறுநாள் அம்மா பேராசிரியர் வீட்டு வாசலுக்குப் பயறு இனிப்புக் கட்டி ஒரு பெட்டி எடுத்துப் போனார். மழை. கதவு திறக்கவில்லை. வேலைக்காரப் பெண் பெட்டியை மட்டும் வாங்கிக்கொண்டாள். மூன்றாம் நாள் நுமாதா அதே பெட்டியை அம்மா தங்கியிருந்த விடுதிக்குக் கொண்டுவந்தார். கட்டிய நாடாகூட அவிழவில்லை.

"சென்செய் ஒண்ணு சொல்லச் சொன்னார். அந்தப் பேரை எடுத்துட்டு புதுத் தாள் அடிச்சு, அன்னிக்கு வந்தவங்க எல்லாருக்கும் மன்னிப்புக் கடிதத்தோட அனுப்பணுமாம். அனுப்பினா எல்லாம் பழையபடி ஆயிடும்."

"அனுப்பலைன்னா?"

நுமாதா பெட்டியை நீட்டினார். "இது சீக்கிரம் கெடாது. நீயே சாப்பிடு."

அம்மா அவர் கண்ணெதிரே நாடாவைப் பிரித்தார். வாசலில் நின்றுகொண்டே முழுக் கட்டியையும் கடித்துத் தின்றார். "நல்லா இருந்துச்சு, போய்ச் சொல்லு" என்றார்.

பிறகு நடந்தவை இவை. வாத்தியக்குழுவோடு பேசி வைத்திருந்த இரண்டு கச்சேரிகள், "இந்தப் பருவத்தில் வசதிப்படாது." கல்லூரியில் உதவி ஆசிரியர் வேலை, "இடம் நிரம்பிவிட்டது." வானொலி, "பிறகு தெரிவிக்கிறோம்." பேராசிரியரின் மாணவர் பட்டியலில் அம்மாவின் பெயர் மீது கோடு போட்டார்கள். யாரும் கோபமாகப் பேசவில்லை. எல்லாரும் மரியாதையாகக் குனிந்தார்கள். ஒரு வருடத்துக்குள் அம்மாவுக்கு டோக்கியோவில் தட்டுவதற்குக் கதவு இல்லாமல் போயிற்று.

ஹமாமட்சுவுக்குத் திரும்பினார். பள்ளி உடற்பயிற்சிக் கூடங்களில் வாசித்தார். பாலே வகுப்புக்கு வாசித்தார். கல்யாண மண்டபங்களில் கேக் வெட்டும்போது வாசித்தார். பிழைப்பு அது.

ஆனால் ஆண்டுக்கு ஒரு நாள், நவம்பர் 9 அன்று, ஆற்றங்கரையில் நூற்றிருபது பேர் உட்காரும் ஒரு சிறு மன்றத்தை வாடகைக்கு எடுத்து முழு நீளத் தனிக் கச்சேரி செய்தார். 1974இல் தொடங்கி 2023 வரை. ஐம்பது. 1977இல் என்னை எட்டரை மாத வயிற்றில் வைத்துக்கொண்டு, இருக்கையைப் பின்னுக்குத் தள்ளிப் போட்டு வாசித்தார். 2020இல் மன்றங்கள் மூடியிருந்ததால் வீட்டு ஜன்னல்களைத் திறந்துவைத்து வாசித்தார். அந்த வருடமும் தாள் அடித்தார்.

தாள்தான் முக்கியம். 1974 முதல் கடைசி வரியில் ஒரே பெயர்: பியானோவை ஒகுரி தசேயிடம் பயின்றார். அவ்வளவுதான். ஒவ்வொரு ஆண்டும் முதல் பிரதியை உறையிலிட்டுப் பேராசிரியர் வீட்டு முகவரிக்கு அனுப்பினார். கடிதம் எதுவும் வைக்கவில்லை. எனக்கு ஐந்து வயதானதும் தபால்தலை ஒட்டுவது என் வேலையாயிற்று.

"நேரா ஒட்டு, கனாயே. கோணலா இருந்தா கோவத்துல அனுப்பினதா நினைச்சுக்குவார்."

"கோவம் இல்லையா அம்மா?"

"இருக்கு. ஆனா நேரான கோவம்."

இனிப்பைத் திருப்பி அனுப்பியவர் அந்தத் தாள்களில் ஒன்றையும் திருப்பி அனுப்பவில்லை. அது ஏன் என்று நாங்கள் இருவரும் பல தடவை பேசியிருக்கிறோம். பிரிக்காமல் குப்பையில் போடுகிறார் என்பது என் கட்சி. அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "அவர் கடைசி வரி படிக்காம இருக்க முடியாது. அது அவர் வியாதி."

இதற்கெல்லாம் நாங்கள் கொடுத்ததையும் சொல்ல வேண்டும். என் பள்ளி விழாக்கள் எதற்கும் அம்மா வந்ததில்லை. அக்டோபர், நவம்பரில் அவர் வீட்டில் இருந்தும் இல்லாதவர். என் ஒன்பதாவது வயதில் அப்பா பெட்டியைக் கட்டினார். வாசலில் என்னிடம் சொன்னார்: "நான் உங்கம்மாவோட வாழலை. டோக்கியோவுல இருக்கற அந்த ஆளோட பத்து வருஷம் வாழ்ந்தேன்." எனக்கு அப்பா மேல் அப்போது கோபம் வந்தது. இப்போது அந்தக் கோபமும் டோக்கியோ முகவரிக்கே போகிறது.

2014இல் பேராசிரியர் எண்பத்தைந்தாம் வயதைக் கொண்டாட ஊர் ஊராகக் கச்சேரி செய்தார். ஹமாமட்சுவில் பெரிய மன்றம். அந்த மன்றத்தின் பியானோவுக்குப் பொறுப்பாளர் நான். இரண்டு வாரம் முன்பு நுமாதா என்னைக் கூப்பிட்டார். அதற்குள் அவரும் ஒரு பேராசிரியர், பெரியவருடைய வலது கை. நான் யாருடைய மகள் என்று அவருக்குத் தெரியும். தெரியாததுபோல் பேசினார்.

"சென்செய்க்கு விரல் கொஞ்சம் தளர்ந்திருக்கு. கட்டையை நாப்பத்தஞ்சு கிராமுக்குக் கொண்டுவந்துடுங்க. சுத்தியில ஊசி போட்டு ஓசையை மெத்துனு ஆக்கிடுங்க. எல்லா ஊர்லயும் அப்படித்தான் செஞ்சாங்க."

வழக்கமான கோரிக்கைதான். வயதானவர்களுக்கு நாங்கள் செய்வதுதான். கட்டை லேசாக இருந்தால் தளர்ந்த விரல் தடுமாறாது. கம்பளியில் ஊசியால் குத்தி இளக்கினால் ஒரு சுரம் கனத்து மறு சுரம் மெலிவது கேட்பவருக்குத் தெரியாது. மரத்துக்கும் கம்பளிக்கும் நடுவே ஒரு பெரிய கருணை இருக்கிறது. அதைக் கொடுப்பதும் மறுப்பதும் என் கையில் இருந்தது.

அம்மாவிடம் சொன்னேன். "ஒரு திருகை கால் சுத்து தளர்த்தினா போதும். நடுவுல ஒரு கட்டை நின்னுடும்."

அம்மா காய்கறி நறுக்கிக்கொண்டிருந்தார். கத்தியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"அசடு. கட்டை நின்னா பியானோ மேல பழி போகும். எல்லாரும் ஐயோ பாவம்பாங்க. உன் வேலையை ஒழுங்கா செய். ரொம்ப ஒழுங்கா செய்."

செய்தேன். மூன்று நாள். சுருதி 442 ஹெர்ட்ஸ். கட்டையின் ஆழம் பத்து மில்லிமீட்டர், எண்பத்தெட்டும் ஒன்றுபோல. எடை ஐம்பத்திரண்டு கிராம், தொழிற்சாலைக் கையேட்டில் உள்ளபடி. ஊசியை வெளியே எடுக்கவே இல்லை. அதற்கு முன்னும் பின்னும் நான் அவ்வளவு துல்லியமான பியானோவைச் செய்ததில்லை. அது வாசிப்பவரை அப்படியே காட்டும். கண்ணாடி காட்டுவதுபோல. நாற்பத்தைந்து என்று கேட்டார்களே என்று யாராவது விசாரித்தால், கையேட்டைக் காட்டுவேன். யாரும் விசாரிக்கவில்லை.

அன்று ஆயிரம் பேர் வந்திருந்தார்கள். ஒத்திகை பார்க்க அவருக்குத் தெம்பு இல்லை. நேராக மேடைக்கு வந்தார். நான் பக்கவாட்டில் நின்றேன். இரண்டாவது நிமிடத்தில் அவருக்குப் புரிந்துவிட்டது. தலை கொஞ்சம் பின்னால் போயிற்று. எங்கே விரல் விழவில்லையோ அங்கே ஓசை விழவில்லை. எங்கே அவசரப்பட்டாரோ அது கடைசி வரிசைவரை கேட்டது. வலது கைதான் கெட்டிருந்தது. இடது கை அப்போதும் வீட்டைத் தாங்கியது. அதை மறைக்க மாட்டேன். இடைவேளைக்குப் பிறகு கொஞ்சம் பேர் திரும்பி வரவில்லை. அவர்கள் போன இடங்களை நான் மேடையோரத்திலிருந்து எண்ணினேன். நாற்பத்து மூன்றை எட்டவில்லை. முப்பத்தொன்று. எனக்கு அது போதுமானதாக இருந்தது என்று சொல்ல முடியாது.

முடிந்ததும் பின்னறைக்கு என்னை அழைத்தார்கள். அவர் கைகளை வெந்நீர்த் துணியில் சுற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"பியானோ யார் பார்த்தது?"

"நான்தான். மகாபே."

நுமாதா சுவரைப் பார்த்தார்.

"நல்ல வேலை," என்றார் பேராசிரியர். "இரக்கமே இல்லை." பிறகு துணியைக் கழற்றினார். "உங்கம்மாகிட்ட சொல்லு. அந்த அம்மா பேர் இருந்துட்டுப் போகட்டும். அதுக்குப் பக்கத்துல என் பேரைப் போடச் சொல்லு. நான் எல்லாத்தையும் மறந்துடறேன்."

வீட்டுக்கு வந்து சொன்னேன். அம்மா சிரித்தார். பல மாதங்களில் அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

"அவர் மறக்கறதுக்கா நான் நாப்பது வருஷமா தபால் போடறேன்?"

அந்த ஆண்டுத் தாளிலும் ஒரே பெயர்தான்.

2023இல் ஐம்பதாவது கச்சேரி. அம்மாவுக்குக் கணையத்தில் கட்டி என்று ஆகஸ்ட்டிலேயே தெரியும். வலிமாத்திரையைக் குறைத்துக்கொண்டு வாசித்தார். மாத்திரை போட்டால் விரல் மந்தமாகிறது என்றார். நான் இரண்டு ஒலிவாங்கிகளை வைத்துப் பதிவு செய்தேன். ஷூபர்ட் இயற்றிய இசையோடு முடித்தார். எண்பத்தாறு பேர் கேட்டார்கள். டிசம்பரில் அந்தப் பதிவை ஒரு வானொலிக்காரருக்கு அனுப்பினேன். ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் ஒலிபரப்பினார்கள். யார் இவர், இத்தனை நாள் எங்கே இருந்தார் என்று நாடு முழுவதிலிருந்தும் எழுதினார்கள். அதன் பிறகுதான் இந்த இசைத்தட்டு.

மருத்துவமனையில் கடிதங்களைப் படித்துக் காட்டினேன். பாதியில் நிறுத்தச் சொன்னார். பிறகு நான் கேட்டேன்.

"தட்டோட கையேடு வருமாம். கடைசி வரியில அவர் பேரைப் போடட்டுமா, வேண்டாமா?"

கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டார் என்று நினைத்தேன்.

"இடது கை அவர் கொடுத்ததுதான்," என்றார். "ஒகுரி அம்மாவால அதைக் கொடுத்திருக்க முடியாது."

"அப்போ போடணுமா?"

"புரியலையா உனக்கு? அவர் எனக்கு ஒண்ணும் கொடுக்கலைன்னா, பேர் போடாததுல அவருக்கு என்ன நஷ்டம்? அவர் கொடுத்தார். அது அவருக்கும் தெரியும். பேர் இல்லாததுதான் அவருக்கு வலி." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "நான் போனப்புறம் எழுதப்போறது நீ. உன் கை. உன் இஷ்டம்."

பிப்ரவரி 3 அன்று காலை பத்தே காலுக்குப் போனார். வலது கை போர்வைக்குள் இருந்தது. இடது கை என் கையில்.

நாற்பத்தொன்பதாம் நாள் சடங்கு முடிந்து துறவி புறப்பட்ட பிறகு, நுமாதா வந்தார். எழுபத்தாறு வயது. முழங்கால் மடங்கவில்லை, பீடத்தின் முன் உட்கார நான் கைகொடுத்தேன். ஊதுபத்தி ஏற்றினார். அம்மாவின் படத்தைப் பார்த்து அழுதார். உண்மையான அழுகை. பிறகு பையிலிருந்து ஒரு பெட்டியை எடுத்து என் பக்கம் நகர்த்தினார். பயறு இனிப்புக் கட்டி. நாடா கட்டிய பெட்டி.

"சென்செய் கொடுத்தனுப்பினார்."

"சரி."

"அவரோட தொண்ணூத்தஞ்சாவது வயசுக்கு ஒரு மலர் போடறோம். மாணவர் பட்டியல் வருது. இட்சுகோ பேரைத் திரும்பச் சேர்த்துட்டோம். முதல் பக்கத்துலயே."

"யாரைக் கேட்டு?"

"நல்ல காரியம்தானே, கனாயே? அச்சும் ஆயிடுச்சு."

"தாளை முன்னாடியே கொண்டுவந்து காட்டணும் இல்லையா? அதுதானே வழக்கம்?"

அவர் அதைக் கேட்காததுபோல் விட்டார். "வர்ற திங்கட்கிழமை உங்க கையேடு அச்சுக்குப் போகுதாமே. இங்க ஒரு மாதிரி, அங்க ஒரு மாதிரி இருந்தா உலகம் என்ன சொல்லும்? இட்சுகோ புகழோட நாங்க வந்து ஒட்டிக்கிட்டோம்னு சொல்லும். ஒரே ஒரு பேர்ம்மா. ஒகுரி அம்மாவுக்கு அப்புறமே போடு. அவர் ஒத்துக்கிட்டார்."

"ஐம்பது வருஷம் கழிச்சு."

"தொண்ணூத்தஞ்சு வயசும்மா அவருக்கு."

"எங்கம்மாவுக்கு எழுபத்தஞ்சு."

நுமாதா கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். கடைசியாகச் சொல்ல வைத்திருந்ததை எடுத்தார்.

"உனக்கு ஒண்ணு தெரியாது. அந்த ஐம்பது தாளும் அவர் மேசை இழுப்பறையில இருக்கு. ஒண்ணையும் தூக்கிப் போடலை. நவம்பர் வந்தா தபாலுக்காகக் காத்துட்டு இருப்பார். உறையைப் பிரிச்சதும் கடைசி வரியைத்தான் பார்ப்பார். பார்த்துட்டு மூடிடுவார். அன்னிக்கு முழுக்க யார்கிட்டயும் பேச மாட்டார். சாப்பிட மாட்டார்."

என் முதுகு நிமிர்ந்தது.

"இன்னொரு தடவை சொல்லுங்க."

"எதை?"

"சாப்பிட மாட்டார்னு சொன்னீங்களே, அதை. முதல்லேர்ந்து. கொஞ்சம் சத்தமா. அம்மாவுக்குக் கேக்கணும்."

நான் இளகிவிட்டேன் என்று அவர் நினைத்தார். பீடத்தின் பக்கம் திரும்பி, அம்மாவின் படத்துக்கு நேராக, எல்லாவற்றையும் மறுபடி சொன்னார். இழுப்பறை, நவம்பர், உறை, கடைசி வரி, பேசாத நாள், தொடாத சாப்பாடு. நான் கண்ணை மூடிக் கேட்டேன். ஐம்பது நாட்கள். எங்கள் வீட்டில் அது பலமடங்கு இருக்கும். ஆனாலும் ஐம்பது.

பிறகு பெட்டியின் நாடாவை அவிழ்த்தேன். கத்தி கொண்டுவந்து கட்டியின் ஓரத்தில் மூன்று துண்டு நறுக்கினேன். ஒன்று அம்மாவுக்கு. ஒன்று நுமாதாவுக்கு. ஒன்று எனக்கு. பெட்டியைப் பிரித்தால் விஷயம் முடிந்தது என்று பொருள். அதனால்தான் பேராசிரியர் அன்று பிரிக்கவில்லை. நுமாதா நீளமாக மூச்சு விட்டார். துண்டை வாயில் போட்டார். தேநீர் குடித்தார்.

"அப்போ போட்டுடுவே, இல்லையா?"

"இல்லை."

"பெட்டியைப் பிரிச்சுட்டியே, கனாயே."

"நல்ல இனிப்பு. அம்மாவுக்குப் பிடிச்சது. நல்லா இருந்துச்சுன்னு போய்ச் சொல்லுங்க."

நுமாதா தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். விடுதி வாசலை அவர் நினைத்தார் என்று நினைக்கிறேன். எழுந்திருக்க நான் மறுபடி கைகொடுத்தேன். வாசல்வரை போய்க் குனிந்து வழியனுப்பினேன். அவர் போன பிறகு மீதிக் கட்டியை நின்றுகொண்டே சாப்பிட்டேன். ரொம்பத் தித்திப்பு. அம்மா எப்படி முழுவதையும் தின்றார் என்று தெரியவில்லை. நான் தின்று முடித்துவிட்டேன்.

மாணவர் மலரில் அம்மாவின் பெயர் இருக்கும். அது அவர்கள் இஷ்டம். அதைப் படிப்பவர்கள் இந்தக் கையேட்டையும் படிப்பார்கள்.

கேட்பவர்களுக்கு ஒரு குறிப்பு. ஷூபர்ட்டின் மெதுவான பகுதியில் இடது கையைக் கவனியுங்கள். மேலே என்ன நடந்தாலும் அது அசையாது. அதை யார் கொடுத்தார் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். ஒருவருக்கு நிச்சயம் தெரியும். முதல் பிரதி அவருக்குத்தான் போகிறது. நவம்பர்வரை காத்திருக்க வைக்கமாட்டேன், வயதாகிறது. தபால்தலையை நேராக ஒட்டுவேன்.

மகாபே இட்சுகோ. 1948இல் ஹமாமட்சுவில் பிறந்தார். ஐம்பத்தொரு தனிக் கச்சேரிகள் செய்தார். பியானோவை ஒகுரி தசேயிடம் பயின்றார்.